சந்தேகம் எண்டால் கீழே

அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு கறுப்புத் தட்டில் கொட்டிப் பரப்புவார். கோதுமை என்றால் அது அவர் வேலை, சரி. ஊருக்குப் போய்த் திரும்பியபோது நான் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த முந்திரிப் பருப்புக்கும் அதே கதிதான். விளக்கைத் தட்டுக்கு மேலே இழுத்து, ஒவ்வொன்றாக விரல் நுனியால் தள்ளி, முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம் என்று பிரித்து முடித்த பிறகுதான் ஒன்றை வாயில் போட்டார்.

"நல்லாயிருக்குப் பிள்ளை. ஆனா உதை முழுப் பருப்பெண்டு வித்தவன் கள்ளன்" என்றார். பிறகு, "எயார்போர்ட்டிலை டிக்ளேர் பண்ணித்தானே கொண்டு வந்தனீ?" என்று வேறு கேட்டார். நன்றி என்ற சொல் வரவே இல்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் "ஓ, அவவோ" என்பார்கள். நான் கோயம்புத்தூர்க்காரி, கணவரின் ஐ.டி. வேலையோடு சிட்னிக்கு வந்தவள். அவர் யாழ்ப்பாணம், ஒரே மகனோடு வந்தவர். பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு தானிய இறக்குமதிக் கம்பெனியில் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்கு பெர்மிட், டிக்ளரேஷன் என்று பேப்பர் வேலை. அவருக்கு சாம்பிள் அறை. இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அக்காவும் மகனோடு மெல்பர்ன் போய்விட்டார் என்று கேள்வி. போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிடத் தைரியம் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது மழை பொய்த்த காலத்தில். ட்யூரம் என்று ஒரு கோதுமை உண்டு. சப்பாத்திக்கு அரைக்கிற கோதுமை இல்லை, கடிக்கப் போனால் பல் போய்விடும். மஞ்சளாக இருக்கும். ரவைக்கும் பாஸ்தாவுக்கும் அதைத்தான் உடைப்பார்கள். இந்த நாட்டிலேயே நன்றாக விளைவதுதான், ஆனால் வயல்கள் காய்ந்துபோனதால் எங்கள் முதலாளி கனடாவிலிருந்து இறக்கினார். வந்ததைத் தரம் பிரிக்க வேண்டும். மணியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவ வேண்டும். வெள்ளையாக மாவு பிடித்திருந்தால் தரம் இறங்கும். நூறு மணியில் எத்தனை கண்ணாடி, எத்தனை மாவு என்பதை வைத்துத்தான் கிரேடு.

கண்ணாடியில் சேர்ப்பதா மாவில் சேர்ப்பதா என்று தெரியாத மணிகள்தான் வம்பு. பாதிக்குப் பாதி தெளிவு, ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வேறு யாராக இருந்தாலும் தலையைச் சாய்த்துப் பார்த்து நல்ல பக்கம் தள்ளிவிடுவார்கள். அக்கா இரண்டாம் முறை பார்க்கவே மாட்டார். அவருடைய விதி எங்கள் கம்பெனி முழுவதற்கும் மனப்பாடம்: "சந்தேகம் எண்டால் கீழே."

ஒருமுறை இரண்டே கோதுமை மணிகளால் ஒரு முழு லோடு கிரேடு இறங்கியது. முதலாளி மலேசியத் தமிழர், நல்ல மனிதர், அன்றைக்கு அழாத குறையாக சாம்பிள் அறை வாசலில் நின்றார்.

"ரெண்டே ரெண்டு மணிதான்க்கா. கொஞ்சம் கண்ண மூடிக்குங்களேன்."

"கண்ணை மூடிக்கொண்டு பாக்கிறதெண்டா நான் எதுக்கு? கேற்றிலை நிக்கிற பெடியனைப் பாக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை இழுத்தார். அவரை வேலையை விட்டு அனுப்பவும் முடியாது. அக்கா எழுதிய கிரேடை எந்த ஆலையும் திரும்பச் சோதித்துப் பார்த்ததில்லை.

எனக்கும் அந்த வைத்தியம் கிடைத்தது. எங்கள் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஏஜென்ட் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்று ஆபீஸுக்கெல்லாம் லட்டு கொண்டுபோனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். அக்கா டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார். "கையிலை வரட்டும். அப்ப சாப்பிடுறன்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் வைத்தாரே மகராசி என்று வீட்டில் வந்து திட்டினேன். அது வர மேலும் பதினான்கு மாதம் ஆயிற்று. வந்த அன்று நான் சோர்ந்துபோய் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவராக வந்து கையை நீட்டினார். "எங்கை என்ரை லட்டு?"

அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கோதுமை இந்த நாட்டுக்குள் உயிரோடு நடமாடக் கூடாது. சிந்தி முளைத்தால் கூடவே நோயும் களையும் பரவும் என்று பயம். எங்கள் பெர்மிட்டிலேயே அந்த நிபந்தனை இருந்தது. அதனால் வந்த கோதுமையைச் சூடு காட்டி, முளைக்கிற சக்தியை அழித்து, அழிந்ததா என்று சோதித்த பிறகே ஆலைக்கு அனுப்பலாம். சோதனை எளியது. நூறு மணிகளை ஈரத் தாளில் வரிசையாக வைத்து, மூடி போட்ட பெட்டிக்குள் எட்டு நாள் வைக்க வேண்டும். எட்டாம் நாள் ஒன்றுகூட முளைக்காமல் இருந்தால் அக்கா 'பூச்சியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

எங்கள் வீட்டுப் பாத்தியிலும் தொட்டியிலும் விதை முளைக்காவிட்டால் வருத்தப்பட்டுத்தான் பழக்கம். இங்கே ஒரு மனுஷி தினமும் காலையில் மூடியைத் திறந்து, எல்லாம் செத்துத்தான் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவார். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, கையில் இடுக்கி. எனக்கு அந்த அறையில் அதிக நேரம் நிற்கப் பிடிக்காது. அவருக்கோ அது பழகிப்போயிருந்தது. சூடு பட்ட மணியையும் படாத மணியையும் உள்ளங்கையில் போட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "சூடு பட்டது ஒரு மாதிரி மங்கிப் போயிருக்கும் பிள்ளை. மணமும் வேறை." எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரே ஒரு முறை ஒன்று முளைத்தது. எட்டாம் நாள் பேப்பர் வாங்கப் போனேன். அக்கா பெட்டிக்கு மேல் குனிந்து நின்றிருந்தார். நூறு மணிகளுக்கு நடுவில் ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு வேரும் பச்சையாக ஒரு நுனியும்.

"ஒண்டு தப்பிட்டுது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எங்கையோ மூலைக்கை கிடந்திருக்கு. சூடு படேல்லை. ஒருத்தருக்கும் தெரியாமல் கிடந்து தப்பியிருக்கு."

சிரித்தபடியே 'ஒன்று' என்று எழுதினார். ஒரு கன்டெய்னர் முழுவதையும் மறுபடி சூடு காட்ட அனுப்ப வேண்டி வந்தது. விதிப்படி அந்த முளையை அழிக்க வேண்டும். அதையும் அவரே பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, கழிவுத் தொட்டிக்குள் வைத்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் கணவரைப் பற்றிச் சொன்னார்.

சண்டையின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக வெளியே வந்திருக்கிறார்கள். மகனுக்கு அப்போது பதினொரு வயது. ஆண்களில் சிலரைத் தனியாகப் பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம்.

"தண்ணிப் போத்தலை என்ரை கையிலை தந்திட்டு ஏறினவர். போட்டு வாறன் எண்டவர். பஸ் வெளிக்கிட்டதைப் பாத்தனான். அதுக்குப் பிறகு நான் ஒண்டும் பாக்கேல்லை." திறக்காத சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தார். "இறந்திட்டார் எண்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி அங்கையிருந்து பேப்பர் வந்தது. பாக்காததை எப்பிடிப் பிள்ளை எழுதுறது?"

நான் அவருடைய நெற்றியைப் பார்த்தேன். ஊசி முனைப் புள்ளிக்குக்கூட இடம் கொடுக்காத மனுஷி, இந்த ஒரு இடத்தில் மட்டும் இத்தனை வருடமாகத் தன் விதியைப் பொருத்திப் பார்க்காமல் வைத்திருந்தார். அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

மகன் சொல்லிக் காட்டினான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பொன்னுருக்குக்கு ஒரு நாள் முன்னதாக, உதவிக்கு என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு அது. அன்றைக்கே நவதானியத்தைச் சட்டிகளில் விதைத்து முளைப்பாலிகையும் போடுவார்கள். சுமங்கலிப் பெண்கள்தான் போட வேண்டும். முளை நன்றாக வந்தால் வம்சம் தழைக்கும் என்று நம்பிக்கை.

ஹாலில் அப்பாவின் படம் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. மாலை இல்லை, விளக்கு இல்லை. மகன் அதன் கீழே நின்றுகொண்டு பேசினான்.

"அம்மா, நான் மணவறைக்குப் போக முன்னம் அப்பான்ரை படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடோணும். தட்ஸ் ஆல். பதினாறு வருசமா ஒரு திவசம் செய்யேல்லை. அந்தாளுக்கு ஒரு விளக்கு வைக்கேல்லை. ஐ ஜஸ்ட் வான்ட் டு சே குட்பை."

"மாலை போட்டா முடிஞ்சுது எண்டு அர்த்தம். முடிஞ்சதை ஆர் கண்டது?"

"சந்தேகம் எண்டால் கீழே எண்டு நீங்கள்தானே அம்மா சொல்லுறனீங்கள்?"

அக்காவின் முகத்தில் அறைந்தது போல இருந்தது. பையன் உடனே அழ ஆரம்பித்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அப்பாவுக்கு அழ முடியாமலே வளர்ந்த பிள்ளை. நான் மெல்லச் சமையலறைக்குள் நழுவினேன்.

அங்கே அக்காவின் மச்சாள், அதாவது கணவரின் தங்கை, மெல்பர்னிலிருந்து வந்திருந்தவர், நவதானியத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா போய்ச் சேந்திட்டார். எங்கள் எல்லாருக்கும் தெரியும். மச்சாளுக்குத்தான் விருப்பமில்லை" என்றார் தாழ்ந்த குரலில். "நாளைக்குப் பாலிகை போட அவவும் வருவா எண்டு சனம் இப்பவே குசுகுசுக்குது. நான் என்னத்தைச் சொல்ல?" பிறகு முறத்தை என்னிடம் காட்டினார். "உதைப் பாருங்கோ. கடையிலை வாங்கின கோதுமை முழுக்க வண்டு. நீங்கள் கோதுமைக் கொம்பனியிலைதானே, நாளைக்கு ஒரு பிடி கொண்டு வாறீங்களோ?"

மறுநாள் காலையில் ஆபீஸைத் திறந்து சாம்பிள் அறைக்குப் போனேன். சுவரில் இரண்டு தட்டு. மேல் தட்டில் ஒரு வரிசை ஜாடி, கீழ்த் தட்டில் ஒரு வரிசை. மேலே முன்னால் இருந்த ஜாடியில் கோதுமை பளிச்சென்று கல் மண் இல்லாமல் இருந்தது. ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடினேன். ஏதோ நல்ல காரியம் செய்கிற பெருமை எனக்கு.

நான் போய்ச் சேர்வதற்குள் மற்ற எட்டுத் தானியத்தையும் பாலில் நனைத்து ஐந்து சட்டிகளும் தயாராக இருந்தன. கராஜில் கம்பளம் விரித்திருந்தார்கள். ஐந்து பெண்கள் பட்டுச் சேலையில் சுற்றி நின்றார்கள். அக்கா கிட்டே வந்ததும் பேச்சு நின்றது. யாரும் விலகி இடம் கொடுக்கவில்லை.

அக்கா என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். கோதுமையை உள்ளங்கையில் கொட்டி வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். அவர் எதையும் அப்படிப் பார்க்கிறவர்தானே.

"கோதுமை பிந்தித்தானே வந்தது. இதை நான் தனியப் போடுறன்" என்றார். மகனைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்: "எட்டு நாள் பாப்பம். முளைச்சா அப்பா இருக்கிறார். ஒண்டுகூட முளைக்கேல்லை எண்டா நீ மாலையைப் போடு. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

ஓரத்தில் ஆறாவது சட்டி ஒன்று வைத்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக மண்ணுக்குள் அழுத்தினார். அந்த ஐந்து பெண்களுக்கும் மூச்சு வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல கோதுமையாகப் பார்த்து எடுத்து வந்தோமே, முளைத்துவிடும், அக்கா பொட்டோடு மணவறைப் பக்கம் நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து சட்டிகளிலும் நான்காம் நாளே முளை தள்ளியது என்று மச்சாள் போனில் சொன்னார். ஆறாவதில் வெறும் மண்.

ஒன்பதாம் நாள் காலை அக்கா வேலைக்கு வந்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. எடுத்த லீவுக்கு மேல் ஒரு நாள் எடுக்க மாட்டார். நெற்றியில் திருநீறு மட்டும். பொட்டு இருந்த இடம் சுற்றியிருந்த தோலைவிட வெளுத்து வட்டமாகத் தெரிந்தது. ஆபீஸில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முதலாளி தன் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலமே படத்துக்கு மாலை விழுந்துவிட்டது என்று அப்புறம் தெரிந்தது.

ஜாடியிலிருந்து எடுத்தால் அதன் அட்டையில் எழுத வேண்டும் என்பது அக்காவின் சட்டம். நான் எழுதாமல் விட்டிருந்தேன். இவ்வளவு துக்கத்தில் அதற்கும் பேச்சு வாங்க வேண்டாம் என்று, அவர் கை கழுவப் போன நேரத்தில் மேல் தட்டு ஜாடியை எடுத்து அட்டையைத் திருப்பினேன். கனடா. சூடு காட்டியது. முளைப்பு, பூச்சியம். அக்காவின் கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்க்கச் சூடு காட்டாமல் வைத்திருந்த உள்ளூர்க் கோதுமை எல்லாம் கீழ்த் தட்டில் இருந்தது.

ஒரு மனிதனைச் செத்தவன் ஆக்கியது நான். அக்கா வாசலில் வந்து நின்றபோது ஜாடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். நான் எடுத்துட்டு வந்தது செத்த கோதுமைக்கா. அது எப்படி முளைக்கும்? இன்னும் நாள் இருக்கு. நான் வந்து தம்பிகிட்ட சொல்றேன். மாலையைக் கழட்டிடலாம்."

அவர் என் கையிலிருந்து ஜாடியை வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"நீ பொட்டலத்தை அவிட்ட உடனை. கையிலை போட்டனான், தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"நல்ல மணியைப் போட்டிருந்தா முளைச்சிருக்கும் பிள்ளை. கோதுமைக்கு முளைக்கிறதை விட்டா வேறை என்ன தெரியும்? முளைச்சா அவனும் என்னைப் போலை வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கோணும். அவன் வாழவேண்டிய பெடியன்." குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இத்தனை வருசத்திலை பொய்யாச் செய்த சோதனை அது ஒண்டுதான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, எட்டு நாள் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினார்.

"ஆகப் பின்னாலை ஒரு பெட்டி இருக்கு. நம்பர் போடாதது. எடு."

எடுத்தேன். உள்ளே ஈரத் தாளில் பத்தே பத்து மணிகள். பச்சைப் பசேலென்று எழும்பி மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"கீழ்த் தட்டுக் கோதுமை. பாலிகை போட்ட அண்டைக்குப் பின்னேரம் வந்து வைச்சனான். அது அவனுக்கு. இது எனக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு இண்டைக்குக் கண் தெரியேல்லை. நீ எண்ணி எழுது."

ஒரு துண்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன். கடைசி மணியில் தோல் கொஞ்சம் வெடித்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது முளையா, வெறும் வெடிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒம்பது முளைச்சிருக்குக்கா" என்றேன். "ஒண்ணு சந்தேகம்."

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. வெளுத்த அந்த நெற்றியை இரண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அதையும் முளைச்சதிலை சேர்" என்றார்.

பத்து என்று எழுதிக் கொடுத்தேன்.